கல்லூரிக்குள் ஒரு கூத்து வாத்தியார்

நேயர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகங்களின் நாடக, நடனத் துறைகள் வெளியில் தொழில் செய்துகொண்டிருக்கும் ஒரு கலைஞரை அழைத்து, சில வாரங்களோ ஒரு பருவமோ வளாகத்திலேயே தங்கவைத்து, மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்யச் சொல்வதுண்டு. அந்த வருகைதரு கலைஞரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அமெரிக்காவில் இது நெடுநாள் வழக்கம். நடன அமைப்பாளர் ஒருவர் வருவார். மாணவர்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய உடலுக்கு ஏற்றபடி புதிய ஆட்டம் ஒன்றை அமைத்து, பருவ முடிவில் மேடையேற்றிவிட்டுப் போவார். அதில் ஆடியவர்களுக்கு மதிப்பெண்ணும் உண்டு.

இதற்கும் வட சென்னைக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிக்க, ஊரின் பெரிய வித்வான்கள் வந்து அமைதியாக அமர்ந்து கேட்டார்கள். அவருடைய பேரப்பிள்ளைகளான நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, புல்லாங்குழல் விஸ்வநாதன், மிருதங்கம் ரங்கநாதன் மூவரும் பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார்கள். ரங்கநாதன் 1963இல் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவரிடம் பாடம் கேட்டு, பிறகு சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் கற்ற ஜான் ஹிக்கின்ஸைத்தான் நம் சபாக்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கொண்டாடின. இரண்டு நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருந்தால் அப்படி ஒரு பாகவதர் உருவாகியிருக்க மாட்டார்.

நம் கல்லூரிகளோ இன்னும் அந்த இரண்டு நாளிலேயே நிற்கின்றன. வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம் எல்லாம் முடிந்து பார்த்தால், கலைஞர் கலையைக் காட்டுவதற்கு ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும். பொன்னாடையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று நாம் கேட்பதே இல்லை. பட்டம் இல்லாதவரை எப்படிப் பாடம் நடத்த விடுவது என்று நிர்வாகத்தினர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு இப்போது இடமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ள ஒருவரைப் பட்டம் கேட்காமலேயே ‘நடைமுறைப் பேராசிரியர்’ (Professor of Practice) என்ற பணியில் அமர்த்தலாம். அத்தகையோர் மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஒரு கட்டுப்பாடு. உள்ளூர்க் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்லூரிக்குள் கொண்டுவருவதற்கென்று 2023இல் தனி நெறிமுறையே வந்துவிட்டது.

விதி வழிவிட்டாலும் கால அட்டவணை விடுவதில்லை. தெருக்கூத்தை எடுத்துக்கொள்வோம். கூத்து வாத்தியார் அரிதாரம் பூசி, தோளணியான புஜகீர்த்தியும் கிரீடமும் கட்டி, சலங்கையோடு எழுந்து நிற்பதற்கே ஓரிரண்டு மணி நேரம் ஆகிவிடும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த அந்த அணிகலன்களை எந்த வரிசையில் கட்ட வேண்டும், எந்த முடிச்சு இறுகினால் தோள் அசையாது என்பதெல்லாம் பாடத்தைச் சேர்ந்தவையே. வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், முகத்தில் முத்துவெள்ளை என்னும் வெள்ளை அரிதாரம் பாதி ஏறியிருந்த நேரத்தில் மணி அடித்துவிட, மாணவர்கள் கணக்கியல் வகுப்புக்கு எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். வாத்தியார் கோபப்படவில்லை, திருவிழாவில் மழை வந்தாலும் இப்படித்தான் என்றார்.

ஆகவே அட்டவணை கலைஞருக்காக வளைய வேண்டும். பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை கூத்துக் குழுக்களுக்குத் திரௌபதி அம்மன் கோயில்களில் ஓய்வில்லாத வேலை இருக்கும். அந்த மாதங்களில் அவரைக் கல்லூரிக்கு அழைப்பது அவருடைய வருமானத்தைப் பறிப்பதாகும். ஐப்பசி, கார்த்திகையில் அவருக்கு ஓய்வு உண்டு, ஆனால் மாணவர்களுக்குப் பருவத் தேர்வு வந்துவிடும். தை பிறந்ததிலிருந்து பங்குனித் தொடக்கம் வரையிலான ஏழெட்டு வாரங்கள்தான் இரு தரப்புக்கும் பொருந்துகின்றன. வாரத்துக்கு மூன்று பிற்பகல்களை முழுதாக ஒதுக்கினால் போதும். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய மாணவியரும் அப்போது தடையின்றிப் பங்கேற்கலாம்.

முதல் வாரத்திலேயே அடவு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளை, சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கூத்தில் வேடம் வரும்போது இருவர் திரையைப் பிடித்து நிற்க, ஆடுபவர் திரைக்குப் பின்னால் பாடிச் சுற்றி, கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனுக்குத் தம்மை அறிவித்த பிறகுதான் முகம் காட்டுவார். திரை பிடிக்கும் வேலையை மாணவர்களிடம் கொடுத்துவிட்டால், மிருதங்கம் எந்த இடத்தில் ஏறுகிறது, முகவீணை என்னும் சிறு நாதசுரம் எங்கே நிற்கிறது, திரையை எந்தக் கணத்தில் இறக்க வேண்டும் என்பதைக் கைகளே கற்றுக்கொள்ளும். தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான், 1977இல் எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் நடிகர்களுக்குக் கூத்தைப் பழக்கினார். நகரத்து நவீன நாடகத்தின் உடல்மொழியே அதனால் மாறியது. அப்படிப் பழக்குவதற்கான கால அவகாசத்தைத்தான் ஒரு கல்லூரி தர வேண்டும்.

வட சென்னையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வருகைதரு கலைஞர் வெகுதூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் காசிமேட்டிலும் இழவு வீட்டில் இரவு முழுவதும் உட்கார்ந்து, இறந்தவரின் வாழ்க்கையை அங்கேயே பாட்டாகக் கட்டிப் பாடும் கானாப் பாடகர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தை விடியும்வரை கட்டிப்போடும் அந்தத் திறன் எந்த நடிப்புப் பள்ளியிலும் எளிதில் கிடைக்காது. ஆனால் பரதக் கலைஞர் வந்தால் ஒத்திகைக்குக் கூடத்தைத் திறந்துவிடும் நாம், கானாப் பாடகரை ஆண்டு விழாவின் கடைசி அரை மணிக்கு மட்டும் கூப்பிடுகிறோம். இதற்குக் காரணம் கலை பற்றிய மதிப்பீடு என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதுதான் காரணம்.

கானாப் பாடகரை அழைக்கும் கல்லூரி, மூன்று விஷயங்களை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். ஊதியம் மாத முடிவில் வங்கிக் கணக்கில் சேர வேண்டும், ஆறு மாதம் கழித்து வரும் காசோலையை நம்பி அவர் குடும்பம் நடத்த முடியாது. மாணவரின் மதிப்பெண் பட்டியலில் அவருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும். பயணப்படி, தங்கும் விடுதி என்று ஒதுக்கிய தொகை, கலைஞர் பக்கத்துத் தெருக்காரர் என்பதால் மிச்சமாகும். அதை டோலக் வாசிப்பவருக்கும் உடன் பாடுபவருக்கும் ஊதியமாகக் கொடுத்துவிடலாம், ஏனென்றால் கானாப் பாடகர் தனியாக வந்து பாடுபவர் அல்லர். நன்றி, வணக்கம்.