அன்ரிவைரசுக்கு காசு கட்டத்தான் வேணுமா? வீட்டில கொம்பியூட்டர் வச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா கேளுங்கோ

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமா இருக்கிறியளா? நான் கிளிநொச்சியில வீட்டில இருந்துதான் கதைக்கிறன், வெளியில நல்ல மழை, தகரத்தில விழுற சத்தம் உங்களுக்கும் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ, பின்னேரம் வரைக்கும் பாத்தனான் விடுற மாதிரித் தெரியேல்ல, அதான் இருந்திட்டன்.

போன கிழமை புதுக்குடியிருப்பில இருந்து ஒரு அக்கா கோல் எடுத்தவா. மகள் ஏ.எல் படிக்கிறா, சீட்டுக்காசு எடுத்து அந்தப் பிள்ளைக்கு ஒரு லப்டொப் வேண்டிக் குடுத்திருக்கினம். வேண்டேக்க கடையில லப்டொப் விலைக்கு மேல 3500 ரூபா எடுத்து ஒரு அன்ரிவைரசும் போட்டு விட்டிருக்கினம். இப்ப ஒரு வருசம் முடிஞ்சுது, ஒவ்வொரு நாளும் சிவப்புப் பெட்டி ஒண்டு வந்து உங்கட கொம்பியூட்டர் ஆபத்தில இருக்கு, காசு கட்டுங்கோ கட்டுங்கோ எண்டு காட்டுதாம். பிள்ளை பயந்து லப்டொப்பைத் திறக்கிறேல்லையாம். அக்கா கேக்கிறா, தம்பி திருப்பி காசு கட்டத்தான் வேணுமோ, இந்த மாதம் ரியூசன் காசும் குடுக்கோணும் எண்டு.

நான் சொன்னன், வேண்டாம் அக்கா, ஒரு சதமும் கட்டாதேங்கோ, அதைக் கழட்டி விடுங்கோ எண்டு. ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டதைத்தான் இண்டைக்கு வடிவா சொல்லப்போறன், ஏனெண்டா இதே கேள்வியை முல்லைத்தீவில இருந்தும் மல்லாவியில இருந்தும் கனபேர் கேட்டிட்டினம்.

முதல்ல, எங்கட சனத்துக்கு இந்தப் பயம் எங்கயிருந்து வந்தது? நாங்கள் மீள்குடியேறி வந்த நேரம், 2010, 2011 அந்தக் காலம், முதல் முதல் கொம்பியூட்டர் வீட்டுக்கு வந்தது அப்பதான் கனபேருக்கு. எல்லாத்திலயும் வின்டோஸ் எக்ஸ்பி எண்ட பழைய வகை. ஒரு கொமினிகேசன் கடைக்கு பென் டிரைவ் கொண்டு போய் ஒரு பிரின்ற் எடுத்திட்டு வந்து வீட்டில குத்தினா சரி, போல்டர் எல்லாம் சோர்ட்கட்டா மாறி நிக்கும், பைல் ஒண்டும் தெரியாது. ஞாபகம் இருக்கோ? அப்ப வின்டோசுக்குள்ள சொந்தமா ஒரு காவல் இருக்கேல்ல. மைக்ரோசொவ்ற் 2009 இல ஒரு இலவச அன்ரிவைரஸ் விட்டவை, அதையும் நாங்களாத்தான் தேடி எடுத்துப் போடோணும், எங்கட இடங்களில அப்ப நெற் எங்க இருந்தது. அதால அப்ப கடைக்கார அண்ணையாக்கள் அன்ரிவைரஸ் கட்டாயம் போடுங்கோ எண்டு சொன்னது சரியான கதைதான், அதில நான் பிழை சொல்லமாட்டன்.

ஆனா 2012 இல வின்டோஸ் 8 வந்ததோட அந்தக் கதை மாறீட்டுது. அதில இருந்து டிபென்டர் எண்ட ஒரு முழு அன்ரிவைரஸ் வின்டோசுக்குள்ளேயே வருது. 10 இலயும் இருக்கு, 11 இலயும் இருக்கு. தானா ஓடும், தானா அப்டேற் ஆகும், காசு கேக்காது, சிவப்புப் பெட்டி காட்டி வெருட்டாது. சும்மா வாறதெல்லே, அது என்னத்தைப் பிடிக்கப்போகுது எண்டு கேப்பியள். ஜேர்மனியில மக்டேபேர்க் எண்ட இடத்தில ஏவி-டெஸ்ட் எண்டு ஒரு ஆய்வுகூடம் இருக்கு, அன்ரிவைரஸ்களைப் பரிசோதிச்சு புள்ளி போடுறதுதான் அவையின்ர வேலை, பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, நல்ல பைலை வைரஸ் எண்டு பிழையா சொல்லாமல் இருக்கிறதுக்கு 6, மொத்தம் 18. அதில டிபென்டர் இந்தக் கிட்டடி வருசங்களில 18 க்கு 18 கனதரம் எடுத்திருக்கு. காசு கட்டுறதுகளில நல்லதுகளும் அதே 18 தான் எடுக்குது. அப்ப அந்தக் காசு எதுக்கு?

இன்னொரு விசயம், நீங்கள் வேற அன்ரிவைரஸ் ஒண்டைப் போட்டா டிபென்டர் தானா ஒதுங்கி நிக்கும், ரெண்டும் ஒண்டா காவல் காக்கிறேல்ல. அதைக் கழட்டினா திரும்ப தானா எழும்பும். அந்த அக்காவின்ர மகளின்ர லப்டொப்பில நாங்கள் செய்ததும் அவ்வளவுதான், கொன்ட்ரோல் பனலுக்குப் போய் கழட்டி, ரீஸ்ராட் பண்ணி, வின்டோஸ் செக்கியூரிற்றி எண்டு தேடித் திறந்தா பச்சைச் சரி அடையாளம் வந்திட்டுது. பத்து நிமிசம்கூட இல்லை, போனிலேயே சொல்லிச் செய்வித்தனான். லப்டொப்பும் இப்ப கெதியா எழும்புதாம்.

சரி, இப்ப நான் உண்மையா சொல்ல வந்த விசயத்துக்கு வாறன். இதுக்காகத்தான் இந்த வீடியோவே.

எங்கட அயலில ஒரு மாமா இருக்கிறார், சொந்தம் இல்லை, ஆனா சின்னனில இருந்து மாமா எண்டுதான் கூப்பிடுறனாங்கள். உங்களுக்குத் தெரியும், எங்கட ஆக்கள் இடம்பெயரேக்க என்னத்தைக் கொண்டு போனவை, என்னத்தை விட்டிட்டுப் போனவை எண்டு. அல்பங்கள் எல்லாம் போட்டுது. எத்தினை வீட்டில கலியாணப் போட்டோ ஒண்டுகூட இல்லை. இந்த மாமா கனடாவில இருக்கிற தங்கச்சியாரிட்ட, பிரான்சில இருக்கிற மச்சானிட்ட எல்லாம் கேட்டு, முந்தி அவைக்கு அனுப்பின படங்களைத் திருப்பி ஸ்கான் பண்ணி அனுப்பச்சொல்லி, கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து ஒரு போல்டர் வச்சிருந்தவர். அதில அவற்ர மூத்த மகன்ர படமும் இருந்தது. அந்தப் பெடியன் இப்ப இல்லை.

அந்தக் கொம்பியூட்டரில காசு கட்டின அன்ரிவைரஸ் இருந்தது. கேளுங்கோ வடிவா, காசு கட்டினது, காலம் முடியாதது, அப்டேற் ஆகிக்கொண்டிருந்தது. ஆனா வீட்டில ஒரு பெடியன் ஏதோ ஒரு வீடியோ எடிற் பண்ணுற சொவ்ற்வெயர் கிராக் ஒண்டு, அதாவது காசு கட்டாமல் பாவிக்க உடைச்ச கள்ளக் கொப்பி, டவுன்லோட் பண்ணியிருக்கிறான். அதுக்குள்ள ஒரு குறிப்பு இருந்ததாம், இதைப் போட முதல் அன்ரிவைரசை நிப்பாட்டுங்கோ எண்டு. அவன் நிப்பாட்டிட்டான். எல்லாரும் அப்பிடித்தானே செய்யிறது, அவனைப் பேசி வேலையில்லை. போட்டு கொஞ்ச நேரத்தில படம் எல்லாத்துக்கும் பின்னால விளங்காத நாலு எழுத்து வந்திட்டுது, ஒண்டும் திறக்காது. ஒவ்வொரு போல்டருக்குள்ளயும் ஒரு றீட்மீ பைல், அதில 980 டொலர் தா, 72 மணித்தியாலத்துக்குள்ள எண்டா பாதி, 490 டொலர் எண்டு எழுதிக் கிடக்கு.

இது ஸ்ரொப் டிஜேவியூ எண்டு சொல்லுற ரான்சம்வெயர் குடும்பம், ரான்சம்வெயர் எண்டா பைலுகளைப் பூட்டிப்போட்டு திறக்கக் காசு கேக்கிற வைரஸ். கொம்பனியளைத் தேடிப் போறதில்லை இது, வீட்டு ஆக்களைத்தான் பிடிக்கும், கிராக்குக்குள்ள, கள்ளச் சாவி நம்பர் எடுத்துத் தாற கீஜென்னுக்குள்ள ஒளிச்சுத்தான் வரும். 2019 இல எம்சிசொவ்ற் எண்ட கொம்பனி இதில சிலதைத் திறக்க இலவசமா ஒரு கருவி விட்டவை, பழைய வகையளுக்கும் இன்னும் கொஞ்சத்துக்கும் சரிவரும். நான் அதைப் போட்டு ரெண்டு நாள் இருந்து பாத்தனான். மாமாவின்ர பைலுகளுக்குச் சரிவரேல்ல. அவர் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு ஒண்டும் கதைக்காமல் இருந்தவர், ரெண்டு நாளும். தேத்தண்ணி மட்டும் கொண்டு வந்து வச்சிட்டு இருப்பார்.

இப்ப சொல்லுங்கோ, அந்த வீட்டில காசு கட்டின அன்ரிவைரஸ் என்ன செய்தது? வாசலில காவலுக்கு ஆளை விட்டிட்டு நாங்களே அவரைக் கூப்பிட்டு நீ கொஞ்சம் வெளியில நில் எண்டு சொன்னா, எந்தக் காவல்காரன் எண்டாலும் ஒண்டுதான்.

அதால நான் உங்களிட்டக் கெஞ்சிக் கேக்கிறது, எந்த அன்ரிவைரஸ் நல்லம் எண்டு கேக்க முதல் உங்கட கொம்பியூட்டரில இப்ப டிபென்டர் உண்மையா ஓடுதோ எண்டு பாருங்கோ. ஏன் சொல்லுறன் எண்டா, கிராக் வின்டோஸ், கிராக் ஒபிஸ் போட்டு வாற மிசின் கன இடத்தில டிபென்டரை நிப்பாட்டித்தான் வாறது, இல்லாட்டி எக்ஸ்குளூசன் எண்டு ஒரு இடம் இருக்கு, அதில முழு சி டிரைவையும் குடுத்து விட்டிருப்பினம். எக்ஸ்குளூசன் எண்டா இந்த இடத்துக்குள்ள பாக்காதே எண்டு டிபென்டருக்குச் சொல்லுறது. சி டிரைவைக் குடுத்தா பச்சைச் சரி காட்டிக்கொண்டே இருக்கும், ஆனா ஒண்டையும் பாக்காது. வின்டோஸ் செக்கியூரிற்றியைத் திறந்து, வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்சன், அதில மனேஜ் செற்றிங்ஸ், அப்பிடியே கீழ இறங்கினா கடைசியில எக்ஸ்குளூசன்ஸ் இருக்கும், அதில ஏதாவது எழுதிக் கிடந்தா, நீங்கள் போடேல்ல எண்டா, எடுத்து விடுங்கோ. போன மாசம் நான் பாத்த 6 லப்டொப்பில 4 இல இருந்தது. என்னிட்ட வாறதே பழுதாப்போனதுதான், அதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ, எண்டாலும் 4 எண்டது எனக்கு நெஞ்சு பதறினது.

ஒபிஸ் இல்லாமல் பிள்ளையள் என்ன செய்யிறது எண்டு கேப்பியள், நியாயம்தான். லிபிரே ஒபிஸ் எண்டு இருக்கு, முழுக்க இலவசம், கிராக் வேண்டாம், தமிழ் யுனிகோட் வடிவா வேலை செய்யும், பாமினியில அடிச்ச பழைய கடிதங்களும் பாமினி எழுத்துரு மிசினில இருந்தா திறக்கும். இல்லாட்டி மைக்ரோசொவ்ற் எக்கவுன்ற் ஒண்டு திறந்து பிறவுசருக்குள்ளேயே வேர்ட், எக்செல் இலவசமா பாவிக்கலாம், அதுக்கு நெற் வேணும்.

நெற் எண்டதால ஒண்டு சொல்லோணும். எங்கட பக்கம் கனபேர் டேற்றா முடிஞ்சிடும் எண்டு அப்டேற் எல்லாத்தையும் நிப்பாட்டி வச்சிருக்கினம். டொங்கிளிலயும் போன் ஹொட்ஸ்பொட்டிலயும் இருக்கிற ஆக்களின்ர கஸ்ரம் எனக்கு விளங்குது, நானும் அப்பிடி இருந்தனான். ஆனா டிபென்டர் பாதி வேலையை நெற்றில கேட்டுத்தான் செய்யுது, நெற் இல்லாமல் பரிசோதிச்சா அது பிடிக்கிறது குறையும், அதையும் பரிசோதனைக்காரர் காட்டியிருக்கினம். அதால கிழமையில ஒரு நாளாவது, இரவு டேற்றா இருக்கிற நேரம், அப்டேற்றை ஓட விட்டிட்டுப் படுங்கோ. 2017 மே 12 இல வனாக்கிரை எண்டு ஒரு ரான்சம்வெயர் உலகம் முழுக்க ஆஸ்பத்திரியள்கூட நிக்கிற அளவுக்கு அடிச்சது, அது புகுந்த வின்டோஸ் ஓட்டையை அடைக்கிற அப்டேற்றை மைக்ரோசொவ்ற் மார்ச் மாதமே விட்டிட்டினம், ரெண்டு மாசம் முதலே. போடாத மிசினுகள்தான் அடிபட்டது.

வின்டோஸ் 10 வச்சிருக்கிற ஆக்கள் கவனம், 2025 ஒக்டோபர் 14 ஓட அதுக்கு வழமையான அப்டேற் முடிஞ்சுது. மைக்ரோசொவ்ற் எக்கவுன்ற்றில செற்றிங்ஸ் பேக்கப் போட்டுப் பதிஞ்சா 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் காசில்லாமல் பாதுகாப்பு அப்டேற் எடுக்கலாம், வின்டோஸ் அப்டேற் பக்கத்திலேயே அந்தப் பட்டன் வரும். அதுக்குப் பிறகு இன்ரெல் எட்டாவது ஜெனரேசனுக்குக் குறைஞ்ச மிசினுக்கு 11 முறையா ஏறாது, அவை வின்டோசுக்குப் பதிலா இலவசமா வாற லினக்ஸ் மின்ற் போடுறதுதான் நல்லம், அதுக்குத் தனியா ஒரு வீடியோ போடுறன். அன்ரிவைரஸ் காசு கட்டிப் போட்டா பழைய வின்டோஸ் பாதுகாப்பாயிடும் எண்டு ஆராவது சொன்னா நம்பாதேங்கோ, அது ஓட்டையை அடைக்காது.

வேற இலவச அன்ரிவைரஸ் போடலாமோ எண்டும் கேட்டிருந்தவை. தேவையில்லை. அவாஸ்ட் எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச பேர், அதைப் பாவிச்ச ஆக்கள் எந்தெந்த வெப்சைற்றுக்குப் போனவை எண்ட விபரத்தை வித்ததுக்கு 2024 பெப்ரவரியில அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 16.5 மில்லியன் டொலர் கட்ட வச்சது. காவலுக்கு வச்ச ஆள் எங்கட வீட்டுக் கதையை வெளியில வித்தா எப்பிடி இருக்கும்.

இன்னொண்டு, குரோமில வலப்பக்க மூலையில உங்கட கொம்பியூட்டரில 5 வைரஸ் எண்டு வந்து நிக்குமே, அது வைரசும் இல்லை அன்ரிவைரசும் இல்லை, ஏதோ ஒரு சைற்றுக்கு நீங்கள் அலவ் குடுத்ததால வாற விளம்பரம். குரோம் செற்றிங்சில நோட்டிபிகேசனுக்குப் போய் தெரியாத பேர் எல்லாத்தையும் அழிச்சா நிக்கும். அதில அமத்தி காட் நம்பர் அடிச்சுப்போடாதேங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

காசு கட்டவே கூடாதோ எண்டா, கடை, ஒபிஸ், பத்துப் பதினைஞ்சு மிசின், ஆக்களின்ர கணக்கு வழக்கு வச்சிருக்கிற ஆக்கள் கட்டுறது நியாயம், அவைக்கு எல்லா மிசினையும் ஒரு இடத்தில இருந்து பாக்கோணும். வீட்டுக்கு அது வேண்டாம். அந்த 3500 ரூபாயை ரெண்டு வருசம் சேருங்கோ, ஒரு சின்ன எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்ட உதவும். மாசத்தில ஒருக்கா படங்களைக் கொப்பி பண்ணி, கழட்டி, அலுமாரிக்குள்ள வையுங்கோ. குத்தினபடி விடாதேங்கோ, குத்தியிருந்தா ரான்சம்வெயர் அதையும் பிடிக்கும்.

மாமாவின்ர கதை கேப்பியள். கனடாத் தங்கச்சியார் திருப்பி ஸ்கான் பண்ணி அனுப்பினவா, பிரான்ஸ் மச்சானிட்ட இருந்து கொஞ்சம் வட்ஸ்அப்பில வந்தது, கொஞ்சம் தெளிவு குறைவு. மூத்தவன்ர படம் தங்கச்சியாரிட்டதான் இருந்தது, வந்திட்டுது. ரெண்டு டிஸ்க்கில போட்டனாங்கள், ஒண்டு மாமா வீட்டு ட்ரங்குப் பெட்டிக்குள்ள, மற்றது என்ர அலுமாரிக்குள்ள இருக்கு, மேல அவற்ர பேர் எழுதி ஒட்டியிருக்கிறன். மாசம் முதலாம் திகதி அவர் சைக்கிளில வருவார், ரெண்டையும் குத்தி ஒருக்காத் திறந்து பாத்திட்டுப் போவார்.

மழை கொஞ்சம் விட்டிட்டுது போல. எக்ஸ்குளூசனுக்குள்ள ஏதாவது இருந்து விளங்கேல்ல எண்டா ஸ்கிரீனைப் படம் எடுத்துக் கீழ போடுங்கோ, இரவைக்கு இருந்து ஒவ்வொண்டா பாத்துச் சொல்லுறன்.