பால் ஊற்றிய கையோடு சைரன் சாவியையும் எடுங்கள்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, மாவட்ட ஆட்சியர் அவர்களே, மீன்வளத் துறை அதிகாரிகளே, பணிக்கு நடுவே வந்திருக்கும் தீயணைப்புத் துறைத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்தார்களே, நாட்டார்களே, பந்தல் போட்டு, மைக் கட்டி, இந்த நேரம் வரைக்கும் சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும் மன்றத்துத் தம்பிகளே, காலையில் கடலுக்குப் பால் ஊற்றி மலர் தூவிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 சுனாமியின் இந்த நினைவு நாளில் மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். நினைவுத்தூண் எப்படி இருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லித்தர வேண்டும், டிசம்பர் 26 அன்று நாடு என்ன செய்ய வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது ஒரே பழமொழி: வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

தூணில் பெயர் பொறித்திருக்கிறோம். நல்லது. அதே தூணில் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு ஒரு சிவப்புக் கோடும் போடுங்கள். ஜப்பானில் அனெயோஷி என்கிற சிற்றூரில், 1933 சுனாமிக்குப் பிறகு, 'இதற்குக் கீழே வீடு கட்டாதே' என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். 2011இல் அலை அந்தக் கல்லை எட்டவில்லை.

ஜப்பான் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1854, ஜப்பானின் பழைய நாட்காட்டிப்படி நவம்பர் 5. ஹிரோ என்று ஒரு கடலோரக் கிராமம். ஹமகுச்சி கோரியோ என்பவர் அங்கே பெரிய வீட்டுப் பிள்ளை. சோயா சாஸ் வியாபாரக் குடும்பம். நிலம் ஆடுகிறது. பொழுது சாயும் நேரம், கடல் ஊருக்குள் வருகிறது. இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவது? மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வயலில் அடுக்கியிருந்த வைக்கோல் போருக்கு வரிசையாகத் தீ வைத்தார்! நம் ஊரில் போரில் தீப்பொறி விழுந்தாலே தெருவே அலறும். இவர் வேண்டுமென்றே கொளுத்துகிறார். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு சனம் மேட்டில் இருந்த கோயிலுக்கு ஏறிப் பிழைத்தது. அதோடு விட்டாரா? ஊரைக் காலி செய்யப் பார்த்தவர்களை நிறுத்தி, தன் கைக்காசில் கூலி கொடுத்து, நாலு வருடத்தில் 600 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரம் கரை எழுப்பினார். 1946இல் மறுபடி சுனாமி வந்தபோது ஊரின் பெரும்பகுதியை அந்தக் கரைதான் காத்தது. அங்கே இன்றைக்கும் நினைவு நாள் எப்படி நடக்கிறது? பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் மண் சுமந்து போய் அந்தக் கரையில் கொட்டுகிறார்கள். அஞ்சலியும் அதுதான், பராமரிப்பும் அதுதான். அந்த நவம்பர் 5தான் இப்போது ஐ.நா. அறிவித்த உலக சுனாமி விழிப்புணர்வு நாள். வெள்ளம் வருமுன் அணை!

நமக்கு வருவோம். 2004இல் சுமத்ரா பக்கம் நிலம் ஆடியது நம் நேரப்படி காலை 6:29. நம் கரையில் அலை ஏறியபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. சைக்கிளில் ஒரு ஆள் கிளம்பியிருந்தாலே பத்துக் கிராமத்துக்குச் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆள் இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அங்கிருந்து ஆட்சியர் அலுவலகம் வரை செய்தி வந்துவிடும். கடைசித் தெருவுக்கு வருமா என்பதுதான் கேள்வி.

அதனால்தான் ஒத்திகை கேட்கிறேன். டிசம்பர் 26 அன்று எந்தப் படகும் கடலுக்குப் போவதில்லை. ஊரே கரையில் இருக்கிறது. இதைவிடத் தோதான நாள் கிடையாது. அஞ்சலி முடிந்த கையோடு சைரன் ஊதுங்கள். கரண்ட் இல்லாமல் ஊத வேண்டும். மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஊதிப் பாருங்கள். வருடம் முழுக்கத் தொடாத பேட்டரி அன்றைக்குத்தான் செத்துக் கிடக்கும். கூடவே மாதா கோயில் மணி, அம்மன் கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் மைக், மூன்றும்.

கடைசி வீடு, தெருமுனை, பாலம், பாதுகாப்பு மைய வாசல் என்று நாலு இடத்தில் நாலு பேர் கைபேசியில் நேரம் குறிக்கட்டும். ஒரு கிலோமீட்டரை நீங்கள் 15 நிமிடத்தில் நடப்பீர்கள். இடுப்பில் பிள்ளை, கையில் பாட்டி, காலில் மணல் என்றால் அரை மணி ஆகும். நடக்க முடியாதவர் பட்டியலைத் தெருவாரியாக எழுதி, ஆளுக்கு இரண்டு இளவட்டம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என்று ஒதுக்கிவிடுங்கள். பாலத்தில் பைக் ஏறவே கூடாது. ஒன்று சாய்ந்தால் பின்னால் வரும் ஐம்பது பேர் நிற்பார்கள். ரேஷன் அட்டை, பாஸ்புக், மாத்திரை மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கதவோரம் மாட்டி வையுங்கள், பீரோவைத் திறக்கத் திரும்பி ஓடுவது நிற்கும்.

ஒத்திகை கெடுவது இரண்டு இடத்தில். சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று காத்திருந்து வெயிலேற ஊதுவது ஒன்று. ஆட்சியர் அவர்கள் மன்னிக்க வேண்டும், தங்களைச் சொல்லவில்லை. யூனிபார்ம் போட்ட பிள்ளைகளை மட்டும் நடக்கவிட்டுப் படம் பிடிப்பது இன்னொன்று. பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் வீடு திரும்புவதும் தப்பான பழக்கம். சுனாமி ஒரே அலையோடு முடிவதில்லை. முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்கப் போனவர்களை அடுத்த அலை எடுத்தது. அறிவிப்பு வரும் வரை மேலேயே உட்காரப் பழக வேண்டும். நிஜ எச்சரிக்கை வரும் நாளில் ஆழ்கடலில் இருப்பவர் கரைக்கு ஓடி வரவும் கூடாது. அங்கே அலை தெரியாது, கரையோரம்தான் எழும்பும்.

இலங்கையில் டிசம்பர் 26ஐ தேசிய பாதுகாப்பு தினமாக்கி, காலை 9:25க்கு நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறது. ஜப்பானில் 1923 நிலநடுக்கத்தின் நினைவாக செப்டம்பர் 1 அன்று பிரதமரே ஒத்திகையில் நிற்கிறார். இந்த மேடையிலிருந்து நான் வைக்கும் கோரிக்கையும் அதுதான். டிசம்பர் 26ஐக் கடற்கரை மாநிலங்கள் அத்தனைக்கும் ஒத்திகை நாள் என்று ஒன்றிய அரசு அறிவிக்க வேண்டும். வெள்ளம் வருமுன்!

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வந்தது அப்படியே நிற்கிறது. தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், அடுத்துப் பேச நாலு பேர் இருக்கிறார்கள். இறங்குமுன் ஒன்று கேட்கிறேன். நம் ஊர்ப் பாதுகாப்பு மையத்துச் சாவி இந்த நிமிடம் யார் வீட்டில் தொங்குகிறது? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.