தலையாட்டினால் பத்து, கையசைத்தால் ஐந்து

வணக்கம். கண்ணும் காதும் குறைந்த முதியவர்களின் மனச்சோர்வை வீடு வீடாய்ப் போய் அளக்கிற உங்களுக்கு, கணக்கொன்றோடு தொடங்குகிறேன்.

முதியோருக்கான மனச்சோர்வு அளவுகோல் என்று நீங்கள் கொண்டு திரிகிற தாளில் 15 கேள்விகள். முதலில் 30 இருந்தன, 1986இல் சுருக்கினார்கள். பதில் ஓம் அல்லது இல்லை. 10 கேள்விக்கு ‘ஓம்’ என்றால் புள்ளி, 5 கேள்விக்கு ‘இல்லை’ என்றால் புள்ளி. 5 வந்தால் மேற்கொண்டு பார்க்க வேணும் என்பது பொதுவான எல்லை.

இந்தத் தாளோடு கண்ணும் மங்கிக் காதும் மந்தமான ஓர் ஆச்சிக்கு முன்னால் போய் இருங்கள். ஒரு கேள்வியும் அவவுக்கு விளங்கவில்லை. ஆனால் வெயிலுக்குள்ளால் வந்த பிள்ளை, மனம் நோகக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டி ‘ஓமோம்’ என்கிறா. புள்ளி 10. அடுத்த வளவு அப்புவுக்கும் விளங்கவில்லை. அவர் எதற்கும் கையை அசைத்து ‘இல்லை, இல்லை’ என்று அனுப்பிவிடுகிற ஆள். புள்ளி 5. இரண்டு பேரையும் மனச்சோர்வு என்று எழுதிவிட்டீர்கள். ஒரு கேள்விகூட அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

மனச்சோர்வை அளக்கிற மற்றத் தாளான பி.எச்.கியூ.-9இல் இது மறுபக்கம் சரியும். 9 கேள்விக்கும் ‘அப்பிடி ஒண்டும் இல்லை’ என்றால் 27க்குப் பூச்சியம். உண்மையில் சோர்ந்து கிடக்கிற மனிசன் சுகமாய் இருப்பதாகப் பதிவாகிவிடுவார்.

அதனால் மனத்தை அளக்க முதல், கேள்வி போய்ச் சேருகிறதா என்று அளவுங்கள். ஒவ்வொரு 5 கேள்விக்கும் இடையில் பதில் தெரிந்த கேள்வியொன்றைச் செருகுங்கள். ‘நீங்கள் பிறந்தது கொழும்பிலயோ?’ துணுக்காயில் பிறந்தவர் அதற்கும் ஓம் என்றால் அன்றைய தாள் செல்லாது. தாளுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது: வாழ்க்கை வெறுமையாய் இருக்கிறதா என்பதற்கும் ஓம், பெரும்பாலும் சந்தோஷமாய் இருக்கிறீர்களா என்பதற்கும் ஓம் என்று வந்தால் பேனையை மூடுங்கள்.

தாளை எடுக்க முதல் காதைப் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தால் தாதியிடமோ டொக்டரிடமோ காட்டி எடுப்பித்த பிறகுதான் அளவு. காது மெசின் இருந்தால் பற்றரியைப் பாருங்கள். ஊசாடுகிற பெரும்பாலான பற்றரிகள் காற்றுப் பட்டுத்தான் வேலை செய்யும். ஒட்டியிருக்கிற சின்னத் தாளை உரித்து ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் போடவேணும். உரித்தவுடன் போட்டுவிட்டு ‘மெசின் பழுது’ என்று லாச்சிக்குள் வைத்த வீடுகள் உண்டு. கண்ணாடியைக் கழுவித் துடையுங்கள். 3 மீற்றர் தூரத்தில் விரலை எண்ண முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் எழுத்து அட்டையை மறந்துவிடலாம்.

பார்வை கொஞ்சம் இருப்பவருக்கு ஓர் அட்டையில் ஒரு கேள்வி மட்டும். ஆங்கிலத்துக்குச் சொல்லும் 18 பொயின்ற் அளவு எழுத்து தமிழுக்குக் காணாது. கொம்பும் சுழியும் புள்ளியும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். 30க்குக் குறையாமல் தடித்த கறுப்பில், மினுக்கமில்லாத தாளில் அடியுங்கள்.

வாசலுக்கு முதுகு காட்டி இருக்காதீர்கள். வன்னி வெயில் உங்கள் பின்னால் நின்றால் உங்கள் முகம் அவருக்கு வெறும் இருட்டு. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ, நல்ல காதுப் பக்கமாய், ஒரு மீற்றருக்குள் கதிரையைப் போடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே எதிரொலி. வெளியே லாண்ட்மாஸ்டர் ஓடினாலோ கோயில் ஒலிபெருக்கி பாடினாலோ இன்னொரு நாள் வாருங்கள். வேப்பமரத்தடி நல்லது.

கத்தவேண்டாம். வயதில் வரும் காது மந்தம் முதலில் கூர்மையான ஒலிகளைத்தான் தின்னும். க, ச, த, ப போன்றவற்றின் விளிம்பு போய் உயிரொலி மட்டும் மிஞ்சும். கத்தும்போது அந்த உயிரொலிதான் பெருகும், முகமும் கோணும், காதும் நோகும். 2009 யுத்தத்தில் எறிகணைச் சத்தத்துக்குள் இருந்து வந்தவர்களில் செவிப்பறை கிழிந்தவர்கள், உட்காது பழுதானவர்கள், இரவு பகலாய்க் காதுக்குள் இரைச்சல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திடீர்ச் சத்தம் வேறொன்றையும் கிளப்பும். தொனியைத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுக் கதையுங்கள்.

இனிச் சொல் தேர்வு. கொஞ்சம் மினக்கெட்டுச் சொல்லவேண்டிய இடம் இது. உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்பவருக்கு ‘மனம்’, ‘பணம்’ இரண்டும் ஒன்று. பகரமும் மகரமும் இதழ் மூடித்தான் பிறக்கும், மிச்சம் வாய்க்குள்ளே நடக்கிறது. ‘மனம் சரியில்லையோ?’ என்று நீங்கள் கேட்க, ‘அது எங்க தம்பி எங்களிட்ட’ என்று பதில் வரும். நீங்கள் புள்ளி போடுவீர்கள். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தால் அதில் ‘தூக்கம்’ இருக்கும். மந்தக் காதுக்கு அது ‘துக்கம்’. எங்கள் ‘நித்திரை’ இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். ‘யோசனை கூடவோ?’ என்ற கேள்வி எங்கள் ஊரில் எந்த மருத்துவச் சொல்லைவிடவும் நேராய்ப் போய்த் தைக்கும்.

ஆனால் வீட்டுக்கு வீடு வசனத்தை மாற்றினால் அளவு இல்லை, கதைதான். கூடி இருந்து ஒவ்வொரு கேள்விக்கும் வசனத்தையும் ஒரு மாற்று வசனத்தையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். முதல் தரம் அப்படியே, இரண்டாம் தரம் அப்படியே ஆறுதலாய், மூன்றாம் தரம் மாற்று வசனம். எத்தனையாம் தரத்தில் பதில் வந்தது என்று ஓரத்தில் எழுதுங்கள். மூன்றிலும் பதில் வரவில்லையென்றால் வெற்றிடம் விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

பி.எச்.கியூ.வில் ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை நாலு படி. அது காதால் நிற்காது. நாலு சிரட்டையை வரிசையாய் வைத்து ஒன்றை வெறுமையாய் விட்டு, மற்றவற்றில் 1, 2, 3 புளியங்கொட்டை போட்டுக் கையால் தடவ விடுங்கள். வெறுமை என்றால் ஒருநாளும் இல்லை, மூன்று என்றால் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும். ‘பாதி நாளுக்கு மேல்’ என்பது இரண்டு கிழமையில் 7 நாளுக்கு மேல் என்று விரலில் எண்ணிக் காட்டுங்கள். களைத்தால் நிறுத்திவிட்டு அடுத்த நாள் தொடருங்கள். விளங்கிக்கொள்வதற்கே அவர்கள் படும் பாடு பெரிது.

சில கேள்விகள் மனத்தை விட்டுக் கண்ணையும் காதையும் அளக்கும். பத்திரிகை வாசிக்க, ரீவி பார்க்க மனம் ஒன்றவில்லையா? வெளியே போகாமல் வீட்டில் இருக்கவே விருப்பமா? பழைய வேலைகளை விட்டுவிட்டீர்களா? பார்வையும் காதும் போனவர் இவற்றுக்கு ஓம் என்னாமல் என்ன சொல்வார்? கேள்வியை வெட்ட வேண்டாம், வெட்டினால் எல்லைப் புள்ளி செல்லாது. பின்னால் ஒன்று கேளுங்கள்: ‘கண்ணும் காதும் முந்தி மாதிரி இருந்தால் போவீங்களோ?’ ‘போகாமல்?’ என்றால் ஆசை உயிரோடிருக்கிறது. ‘எங்க போனாலும் ஒண்டுதான்’ என்றால் கவனியுங்கள். கண்ணும் காதும் வேண்டாத இன்பங்களையும் விசாரியுங்கள்: வெற்றிலை, கூழ் மணம், மடியில் வந்து படுக்கிற பேரப்பிள்ளை. அதுவும் இனிக்கவில்லையென்றால் அது கண்ணின் குறையில்லை.

நம்பிக்கை பற்றிய கேள்வி இங்கே வேறாய்க் கேட்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தொடங்கிய போராட்டத்தில் இருந்த பெற்றோரும் முதியவராகிவிட்டார்கள். ‘நிலைமை நம்பிக்கையில்லாததோ?’ என்றால் அந்தத் தாய் அதைத் தன் பிள்ளையைப் பற்றிய கேள்வியாய்த்தான் எடுப்பா. நம்பிக்கை இல்லை என்று சொல்வது பிள்ளை இல்லை என்று சொல்வது. அவ சொல்லமாட்டா. அந்த 0வை அப்படியே நம்பாதீர்கள்.

வீட்டுக்காரரைக் கேட்கலாம், ஆனால் தனியாய். சாப்பாடு, நித்திரை, நிறை இழப்பு, பெருமூச்சு பற்றி மகளுக்கோ மருமகளுக்கோ நல்லாய்த் தெரியும். ‘நான் பாரமாய் இருக்கிறேன்’ என்பதை அதே மருமகளின் வாயால் மொழிபெயர்த்துக் கேட்க ஏலாது. முகத்தில் உணர்ச்சி இல்லை, கண்ணைப் பார்த்துக் கதைக்கவில்லை என்பவற்றைக் கண்ணும் காதும் குறைந்தவர்களில் மனச்சோர்வுக்கு அடையாளமாய் எடுக்கவேண்டாம். ‘முற்றத்தில பிள்ளையள் நிக்குதுகள்’ என்று அங்கே இல்லாத ஆட்களைக் கண்டதாய் அவர்கள் சொன்னால் பேயும் இல்லை, பெரும்பாலும் பைத்தியமும் இல்லை. பார்வை குறைந்த மூளை தானே படம் போடும். 1760இல் சார்ள்ஸ் பொனே தன் பாட்டனாரில் கண்டு எழுதியது. சிரிப்பார்கள் என்று பயந்து மறைப்பார்கள், நீங்களாய்க் கேளுங்கள்.

பி.எச்.கியூ.வின் கடைசிக் கேள்வி, சாவைப் பற்றியது. அதைக் கிடுகு வேலிக்குள் உரத்துக் கேட்டால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும், பதில் பொய்யாகும். ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, மறு முனையில் மெல்லக் கதையுங்கள். தட்டவோ கத்தவோ கூடாது. அதுவும் கேட்காவிட்டால் உள்ளங்கையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாய் எழுதுங்கள், ஒரு தட்டு ஓம், இரண்டு தட்டு இல்லை என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். ‘ஆண்டவன் கூப்பிடுறார் இல்லை’ என்பது எங்கள் முதியவர்களின் வாய்ப்பேச்சு. ஆனாலும் தானாய் ஏதும் செய்ய நினைத்ததுண்டோ என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஓம் என்றால் தனியே விடவேண்டாம், தோட்டத்து மருந்துப் போத்தல்களைப் பூட்டுவியுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி இலக்கத்தை வீட்டாருக்குக் கொடுங்கள், காது கேளாதவருக்குத் தொலைபேசியால் பயனில்லை.

ஆஸ்பத்திரிக்கு எழுதுகிற கடிதத்தில் புள்ளியை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்தத் தாள், எப்படிக் கேட்டது, எத்தனை வெற்றிடம், மெசின் போட்டிருந்ததா என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறையும் அதே முறையில் கேட்டால்தான் கூடியதா குறைந்ததா என்று தெரியும். தலைப்பில் சிவப்பில் ஒரு வரி: ‘கண்ணும் காதும் குறைவு. வலது காதுப் பக்கம் இருந்து, கையைத் தொட்டுவிட்டுக் கதைக்கவும்.’