கரண்ட் போனால் எத்தனை லிட்டர் கீழே வரும்? ரீஃப் டேங்குக்கு நானே கட்டிய சம்ப்

வணக்கம். மேலே இருப்பது ரீஃப் டேங்க், அதாவது மீனும் பவளமும் வளரும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. கேமராவை அப்படியே அதன் கீழே உள்ள கேபினெட்டுக்குள் இறக்குகிறேன். கொஞ்சம் இருட்டாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தம் ஏதாவது கேட்கிறதா? மணிக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் தண்ணீர் இந்தக் குழாய் வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பழைய சம்ப் இருந்தபோது ஹாலில் டிவி பார்க்க முடியாது, யாரோ பாத்ரூமில் குழாயை மூடாமல் வந்த மாதிரியே இருக்கும்.

சம்ப் என்றதும் வீட்டுத் தரைக்கடியில் இருக்கும் தொட்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். இதுவும் அதே சங்கதிதான். மேலே ஓவர்ஹெட் டேங்க், கீழே சம்ப், நடுவில் ஒரு மோட்டார். ஆனால் இங்கே தண்ணீர் ஓயாமல் சுற்ற வேண்டும். கரண்ட் போனால் மேலே இருப்பதில் ஒரு பங்கு தானாகக் கீழே வந்துவிடும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, துடைத்துத் தெரிந்துகொண்டேன். போன மே மாதம் ராத்திரி 2 மணிக்கு கரண்ட் போனது. காலையில் அம்மா ஹாலுக்கு வந்து கால் வைத்த இடமெல்லாம் உப்புத் தண்ணீர். அப்பாவின் பழைய வேட்டிகள் இரண்டு அன்றோடு ஓய்வு பெற்றன.

என்ன தப்பு செய்தேன் என்று சொல்கிறேன். மேலே உள்ள டேங்க் 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம். அதில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றாலே 5.4 லிட்டர். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. மோட்டார் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறி, வாய் காற்றைத் தொடும் வரை உறிஞ்சித் தள்ளியது. 27 லிட்டர்! பழைய சம்பில் காலியாக இருந்த இடம் 18 லிட்டர். மீதி எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் இந்தத் தடவை ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) என்ன பிராண்ட், லைட் என்ன வாட் என்றெல்லாம் தொடங்கவில்லை. கரண்ட் போன பிறகு சம்ப் எப்படி இருக்கும் என்பதைத்தான் முதலில் வரைந்தேன். ரிட்டர்ன் வாயை ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏற்றிவிட்டேன். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு போட்டால் போதுமே என்று சிலர் கேட்பீர்கள். அதில் ஒரு மணல் துகளோ பாசியோ மாட்டினால் மூடாது. நான் நம்பவில்லை.

சம்ப் 90 நீளம், 40 அகலம், 40 உயரம், 8 மில்லிமீட்டர் கண்ணாடி. தண்ணீர் வந்து விழுவது இடது பக்க அறை. ஸ்கிம்மர் இங்கேதான். என் ஸ்கிம்மருக்கு 22 சென்டிமீட்டர் தண்ணீர் வேண்டும், அதனால் முதல் தடுப்பின் உயரமும் 22. நடுவில் கீட்டோ பாசி வளரும் அறை. அங்கே ராத்திரியில்தான் லைட் எரியும். மேலே விளக்கு அணைந்த பிறகு கார்பன் டை ஆக்சைடு கூடி பிஎச் இறங்கும், இந்தப் பாசி அதை ஓரளவு தாங்கிப் பிடிக்கும். அடுத்து குமிழிகளை நிறுத்த மூன்று தடுப்புகள்: ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே, மறுபடி மேலே. இடைவெளி 3 சென்டிமீட்டர். கடைசியில் மோட்டார் அறை.

இந்த மோட்டார் அறையைக் கொஞ்சம் பக்கத்தில் காட்டுகிறேன். 25-க்கு 40. அதாவது ஒரு லிட்டர் குறைந்தால் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். ஆவியாவது எல்லாம் இந்த அறையில்தான் தெரியும், மற்ற அறைகளைத் தடுப்புகள் பிடித்து வைத்திருக்கும். சென்னை வெயிலில் ஃபேனும் ஓடினால் ஒரு நாளைக்கு 3, 4 லிட்டர் போய்விடுகிறது. போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். அதனால் ஊற்றுவது ஆர்ஓ தண்ணீர், உப்புத் தண்ணீர் இல்லை.

சரி, அறையை ஏன் பெரிதாக வைக்கவில்லை? வெள்ளம் மேலேயும் வரலாம். இறங்கும் குழாயில் ஒரு நத்தை போய் அடைத்துக்கொண்டால், மோட்டார் தன் அறையில் இருப்பதையெல்லாம் மேலே ஏற்றிவிடும். இங்கே ஓடும் மட்டம் 18, மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்குவது 5-இல். ஆகப் போனால் 13 லிட்டர். மேலே இரண்டரை சென்டிமீட்டர்கூட ஏறாது, விளிம்புக்கு 4 இருக்கிறது.

கண்ணாடி வெட்டும் கடையில் ஒரு கூத்து. தொட்டியின் உள் அகலம் 384 மில்லிமீட்டர். தடுப்புகளையும் 384 என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். உள்ளே இறங்கவே இல்லை. சிலிகானுக்கு இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் விட வேண்டும், 380 என்று மறுபடி வெட்டினேன். முதலில் வெட்டிய அந்தக் கண்ணாடிகள் மாடிப்படிக்கடியில் கிடக்கின்றன, யாருக்காவது வேண்டுமா?

சிலிகான் வாங்கும்போது பூஞ்சை பிடிக்காது என்று போட்டிருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். அந்த மருந்து மீனுக்கும் ஆகாது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண வகை போதும். ஓரத்தில் டேப் ஒட்டி, சிலிகானை விட்டு, விரலால் ஒரே இழுப்பு, ஈரம் காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். அப்புறம் ஒரு வாரம் தொடவே கூடாது. நான் மூன்றாம் நாள் தொட்டேன், இதோ இந்த மூலையில் ரேகையே பதிந்திருக்கிறது.

சத்தம் போனதற்குக் காரணம் இந்த வால்வு. ஹெர்பி முறை என்பார்கள்: ஒரு குழாய் காற்றே இல்லாமல் முழுக்க நிறைந்து இறங்கும், இன்னொன்று ஆபத்துக்காகச் சும்மா நிற்கும். முதல் குழாயைத் திருகித் திருகிச் சரிசெய்ய கேட் வால்வு வேண்டும். ஹார்டுவேர் கடையில் கேட்டால் பித்தளை வால்வைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். அதில் உள்ள செம்பு நத்தையையும் இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். பிவிசி கேட் வால்வுக்காக நான் நான்கு கடை ஏறினேன்.

பவளம் என்றதும் ஒன்று. மேலே இருப்பது மென்பவளங்கள் மட்டும். பாறை கட்டும் கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இப்போது மெயின் ஸ்விட்சை அணைக்கிறேன். அம்மா, பயப்படாதீங்க, வேண்டுமென்றேதான்! பாருங்கள், ஏறுகிறது... குழாயில் இருப்பதும், மேல் டேங்கில் வழியும் தண்ணீர் விழும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் இருப்பதும் சேர்ந்து இறங்குகிறது. 24... 25... களக் களக்கென்று ஒரு சத்தம், சைஃபன் உடைந்துவிட்டது. 26-க்கும் 27-க்கும் நடுவில் நின்றுவிட்டது. விளிம்பு 40-இல். மார்க்கரால் இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். அம்மா வேட்டியோடு வந்து நிற்கிறார்கள்.