ஆச்சிக்கு ஏன் தாகம் எடுப்பதில்லை?

வணக்கம் நண்பர்களே. இந்த டம்ளரைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு ஆச்சிக்கு ஊற்றி வைத்தது. இப்போது மணி ஒன்றரை. மூடியிருக்கிற தட்டைக்கூட எடுக்கவில்லை. கேட்டால், "தண்ணி தவிக்கவே இல்லய்யா" என்கிறார். அவர் சொல்வது உண்மை.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அங்கே சில நரம்பணுக்களுக்கு, ரத்தத்தின் உப்புச் செறிவைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. ரசத்தில் உப்புக் கரிப்பதை முதல் வாயிலேயே சொல்லிவிடுவார்களே, அப்படி. ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே போதும், தாகம் கிளம்பிவிடும். கூடவே, அதற்குக் கீழே இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும்.

அது போய்ச் சேருவது சிறுநீரகத்துக்கு. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் கணக்கில் ஒன்பது கேன்! சிறுநீராக வெளியே போவதோ ஒன்றிரண்டு லிட்டர்தான். பெரும்பகுதி வழியிலேயே உடம்புக்குத் திரும்பிவிடும். கடைசிக் குழாய்களில் எவ்வளவு மீட்பது என்பது வாசோபிரசின் கையில். அது வந்ததும், செல்லுக்குள் ஒதுங்கியிருந்த அக்வாபோரின் என்ற நுண்ணிய நீர்வாசல்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து பொருந்தும். தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பும். வெயிலில் அலைந்த அன்று சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது இதனால்தான். அக்வாபோரினைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. நாம் குடித்த தண்ணீர் ரத்தத்தில் சரியாகச் சேர்வதற்கு முன்பே தாகம் அடங்கிவிடுகிறது. தொண்டையும் வயிறும் அனுப்பும் சேதியை வைத்தே மூளை கணக்குப் போட்டுவிடுகிறது!

சரி, ஆச்சிக்கு வருவோம். வயதாக ஆக இந்தத் தாக உணர்வு மங்கிவிடும். சிறுநீரகமும் வாசோபிரசின் பேச்சை முன்போல் கேட்காது. போன மே மாதம் தலை சுற்றி விழுந்து, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோதும் "தவிக்கலய்யா" என்றுதான் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிலிருந்து "தண்ணி வேணுமா ஆச்சி" என்று கேட்பதை விட்டுவிட்டேன். மணிக்கொரு தரம் அரை டம்ளர் கையிலேயே கொடுத்துவிடுவேன். இன்று வீடியோ வேலையில் விட்டுப்போயிற்று. அதற்காக ஒரு செம்பை ஒரே மூச்சில் குடிக்க வைக்காதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, வலிப்பு வரைக்கும் போகலாம். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.

ஒரு நிமிடம் இருங்கள், மோர் கொடுத்துவிட்டு வருகிறேன். ஆச்சி, இந்தாங்க, பிடிங்க.