வாய்ப்பே வளர்த்தது: பெண்கள் சாலைச் சைக்கிள் பந்தயம் குறித்த பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும், இரு அணிகளிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளப் பெருமக்களுக்கும், மாலைக் குளிரைப் பொருட்படுத்தாமல் கோத்தகிரியின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் வணக்கம்.

பெண்களுக்கான தொழில்முறைச் சாலைச் சைக்கிள் பந்தயம் வளர்ந்ததற்குப் பெரிதும் காரணம் வீராங்கனைகளின் உழைப்பா, அவர்களுக்கு அமைந்த வாய்ப்பா என்பது இன்றைய தலைப்பு. உழைப்பே என்று எனக்கு முன் பேசிய அம்மையார் உருக்கமாகப் பேசி அமர்ந்தார். வாய்ப்பே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். வாய்ப்பு என்றவுடன் யாரோ இரங்கிக் கொடுக்கும் சலுகை என்று அவையோர் எண்ணிவிட வேண்டாம். ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் பந்தயம், மாதம் பிறந்தால் கைக்கு வரும் சம்பளம், பந்தயம் நடக்கும்போதே ஊரெல்லாம் பார்க்கும் நேரடி ஒளிபரப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே நான் வாய்ப்பு என்கிறேன்.

எதிரணித் தலைவர், "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்றார். ஐயா, சட்டி எந்த ஆண்டில் காலியாக இருந்தது என்று தாங்கள் சொல்லவில்லையே! டூர் டி பிரான்ஸ் என்பது பிரான்சில் பல நாள் நீளும் புகழ்பெற்ற சாலைப் பந்தயம். 1984ஆம் ஆண்டு பெண்களுக்கென்று ஒரு டூர் டி பிரான்ஸ், ஆண்களின் பந்தயத்தோடு சேர்த்தே நடத்தப்பட்டது. நாளுக்கொன்றாக ஓட்டும் 18 கட்டங்கள் கொண்ட அந்தப் பந்தயத்தை வென்றவர் அமெரிக்காவின் மரியான் மார்ட்டின். அவருக்குக் கிடைத்த பரிசு ஒரு கோப்பையும் ஏறத்தாழ 1,000 டாலரும். அடுத்த இரண்டு ஆண்டுகள் இத்தாலியின் மரியா கனின்ஸ் வென்றார். 1987 முதல் 1989 வரை தொடர்ந்து மூன்று முறை பிரான்சின் ஜீனி லோங்கோ வென்றார். அதன் பிறகு, ஆண்களின் டூரோடு சேர்ந்து நடந்த அந்தப் பந்தயம் நின்றுபோயிற்று. லோங்கோவின் கால்கள் ஓய்ந்துவிட்டனவா? 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்றவர் அதே லோங்கோதான். அவருடைய உழைப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் ஓட்ட வேண்டிய பந்தயம்தான் காணாமல் போயிருந்தது. வேறு அமைப்பாளர்கள் வேறு பெயர்களில் நடத்திய தொடர்களும் 2009ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டன. உழைப்பு மட்டுமே ஒரு விளையாட்டை வளர்க்கும் என்றால், இந்த இருபது ஆண்டுக் காலத்தில் அது வளர்ந்திருக்க வேண்டுமே தவிர இப்படித் தேய்ந்திருக்கக் கூடாது.

2013இல் மரியான் வோஸ், எம்மா பூலி, கேத்ரின் பெர்ட்டைன், கிரிஸ்ஸி வெல்லிங்டன் ஆகிய வீராங்கனைகள் நால்வர் சேர்ந்து, பெண்களுக்கும் டூர் வேண்டும் என்று ஒரு கோரிக்கை மனுவை முன்வைத்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அதில் கையெழுத்திட்டார்கள். இதை எதிரணியினர் உழைப்பின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொள்ளட்டும். ஆனால் அந்த நால்வரும் எதைக் கேட்டார்கள் என்பதை அவையோர் கவனிக்க வேண்டும். உலகப் பட்டங்களையும் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்று முடித்திருந்த வோஸ், தனக்கு இன்னும் கடுமையான பயிற்சி வேண்டும் என்று கேட்கவில்லை, பந்தயம் வேண்டும் என்றார். எங்கள் அணிக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. அடுத்த ஆண்டே பாரிசின் ஷான்செலிசே சாலையில் ஒரு நாள் பந்தயம் வந்தது, அதை வோஸே வென்றார். 2022இல் எட்டுக் கட்டங்களோடு, பெண்களுக்கான டூராகிய டூர் டி பிரான்ஸ் ஃபாம் வந்தது, நெதர்லாந்தின் அனமீக் ஃபான் ஃப்ளூட்டன் வென்றார்.

இப்போது ஒரு நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். 2019 மார்ச் மாதம் பெல்ஜியத்தில் ஓம்லூப் பந்தயம் நடந்தது. ஆண்கள் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினார்கள், அதே சாலையில் பின்னால் பெண்கள் வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் நிக்கோல் ஹான்செல்மன் தொடக்கத்திலேயே கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாக முன்னேறினார். காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு தனியாக ஓட்டுவது எவ்வளவு வலி தரும் வேலை என்பது சைக்கிள் பந்தயம் அறிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டி வருகிறவருக்கு அந்த வலியில் பெரும் பங்கு மிச்சம். அவர் அவ்வளவு வேகமாக வந்ததால், ஆண்கள் பந்தயத்தின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த வாகன வரிசை அவர் கண்ணுக்கெதிரே வந்துவிட்டது. அதிகாரிகள் என்ன செய்தார்கள்? முன்னால் போகிற வாகனங்களை விரைவுபடுத்தவில்லை. பெண்கள் பந்தயத்தையே நிறுத்தினார்கள். காலை ஊன்றிச் சில நிமிடங்கள் சாலையில் நிறுத்திவைக்கப்பட்ட ஹான்செல்மன், மீண்டும் புறப்பட்ட பிறகு பின்னால் வந்த கூட்டத்திடம் பிடிபட்டார். நடுவர் அவர்களே, அன்று உழைப்பில் என்ன குறை இருந்தது? ஏற்பாடு செய்தவர்கள் அவருக்குச் சாலையைக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் வழக்கு.

சம்பளத்துக்கு வருகிறேன். உலகச் சைக்கிள் சம்மேளனம் 2016இல் பெண்களுக்கான உலகத் தொடரைத் தொடங்கியபோதுகூட, முதல் தர அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்று ஒன்று இல்லை. 2020இல்தான் ஆண்டுக்கு 15,000 யூரோ என்று விதி வந்தது. அதனுடன் மகப்பேறு விடுப்பும், பந்தயத்தைக் குறைந்தது முக்கால் மணி நேரமாவது நேரடியாக ஒளிபரப்ப வேண்டும் என்ற கட்டாயமும் வந்தன. முக்கால் மணி நேரம் போதாது என்பது என் கருத்து, ஆனாலும் அது ஒரு தொடக்கம். 2023இல் அந்த ஊதியம் 32,000 யூரோவைத் தாண்டியது. வேறு வேலை பார்த்துக்கொண்டு பந்தயத்துக்கு வந்த பெண்கள், முழு நேரமும் சைக்கிளிலேயே இருக்க முடிந்தது. முழு நேரமும் பயிற்சி செய்கிறவர் வேகமாக ஓட்டுகிறார், வேகமாக ஓட்டும் பந்தயத்தை மக்கள் பார்க்கிறார்கள், மக்கள் பார்க்கும் பந்தயத்துக்கு விளம்பரதாரர் வருகிறார். இந்தச் சுழற்சியை முதலில் தள்ளிவிட்டது விதி.

எதிரணி அம்மையார் பிரிட்டன் வீராங்கனை லிசி டெய்க்னனைப் பற்றிச் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. 1896இல் பிரான்சில் தொடங்கிய பாரி-ரூபே என்ற ஒரு நாள் பந்தயத்தில், 125 ஆண்டுகள் கழித்து 2021 அக்டோபரில்தான் முதன்முறையாகப் பெண்கள் ஓட்டினார்கள். மழையில் நனைந்த கருங்கல் பாவிய பாதை, சேற்றில் வழுக்கும் சக்கரம், கையுறை அணியாத கைகள். 80 கிலோமீட்டருக்கும் மேல் தனியாக ஓட்டி வென்ற டெய்க்னனின் கைப்பிடி நாடாவில் உள்ளங்கை இரத்தம் படிந்திருந்தது. உழைப்புக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று அம்மையார் கேட்டார். வேண்டாம், அம்மா. ஆனால் கதையின் முன்பாதியையும் பின்பாதியையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். 2018இல் அவர் கருவுற்றிருந்தபோதே ஓர் அணி அவரோடு ஒப்பந்தம் செய்தது. மகள் பிறந்த பிறகு அவர் திரும்பி வருவதற்கு ஓர் இடம் காத்திருந்தது. அது முன்பாதி. வென்றவருக்கு அறிவித்த பரிசு 1,535 யூரோ, ஆண்களில் வென்றவருக்கு 30,000 யூரோ. அது பின்பாதி. இரத்தம் ஒன்றுதான், வழங்கிய தொகைதான் வேறு.

டோக்கியோ ஒலிம்பிக்கில் எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாமல் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபரையும் எடுத்துக்காட்டினார்கள். அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், பல்கலைக்கழக வேலை அவருக்குச் சோறு போட்டது. அந்த வேலை இல்லாத பெண்ணின் கதி என்ன? அபூர்வமான ஒருவரைக் காட்டி ஒரு விளையாட்டின் வளர்ச்சியை நிறுவ முடியாது.

அதைவிட, பிரான்சின் பொலின் ஃபெரான்-பிரெவோவைப் பாருங்கள். 2014இல் சாலைப் பந்தயத்தில் உலகச் சாம்பியன். பிறகு மலைச் சைக்கிளின் பக்கம் போய், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதில் தங்கம் வாங்கினார். அவரை மறுபடி தார்ச்சாலைக்கு இழுத்தது டூர் என்ற கனவு. 2025 ஏப்ரலில் பாரி-ரூபேயை வென்றார், ஆகஸ்டில் டூரையும் வென்றார். 2009க்கும் 2022க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இப்படிக் கனவு காண அவருக்கு ஒரு டூர் ஏது?

கடைசியாக நம் மலைக்கு வருகிறேன். 2023 டூரில் டெமி ஃபோலரிங் மூடுபனிக்குள் ஒரு கட்டத்தை வென்ற பிரான்சின் டூர்மலே கணவாயின் உயரம் 2,115 மீட்டர். நம் ஊட்டி 2,240 மீட்டர். 2024இல் நான்கே நொடி வித்தியாசத்தில் காசியா நியெவியடோமா டூரை வென்ற ஆல்ப் டுயெஸ் மலைச்சாலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து ஏறும் நம் கல்லட்டிச் சாலையில் 36. 2008 முதல் நடந்துவரும் டூர் ஆஃப் நீலகிரிஸில் வெளியூர்ச் சைக்கிள்காரர்கள் அந்தக் கல்லட்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவதை நாம் ஓரமாக நின்று கைதட்டிப் பார்க்கிறோம். நம் பிள்ளைகளின் கால்களில் வலு இல்லையா? பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லாச் சைக்கிளை மேடான நம் பாதைகளில் மிதித்துப் பார்த்த மாணவிகள் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். கியர் இல்லாத அந்த வண்டி ஏற்றத்தில் என்ன பாடு படுத்தும் என்பதை அவர்களிடமே கேட்கலாம்.

நம் மாநிலத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பயிற்சி முகாம் வைத்து, வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். அதற்கு முந்தின ஆண்டுவரை அவர்கள் சோம்பியிருந்தார்கள் என்று யாராவது சொல்வார்களா?

கியர் வைத்த சைக்கிள்கள் கொஞ்சம், ஒரு பயிற்றுநர், ஆம்புலன்சோடும் நேரக் கணிப்போடும் ஒரு ஞாயிறு காலை வாகனங்களை நிறுத்திவைத்த கல்லட்டிச் சாலை, அதில் ஆண்டு தவறாமல் மாணவிகளுக்கு ஒரு பந்தயம். இவ்வளவையும் கொடுத்துவிட்டு, பிறகு உழைப்பைப் பற்றி நாம் பேசலாம். அதுவரை வாய்ப்பின் பக்கமே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.