நிமிர்ந்து நிற்கும் ரெக்ஸின் ஹேண்ட்பேக், வீட்டு மெஷினிலேயே

[காட்சி: மேசைமேல் இரண்டு பைகள். ஒன்று நிற்கிறது, இன்னொன்று சரிந்து கிடக்கிறது.]

வணக்கம். இரண்டும் ஒரே ரெக்ஸின், ஒரே அளவு. சரிந்து கிடப்பது நான் முதலில் தைத்தது. அதற்குள் வெறும் லைனிங் துணிதான் இருக்கிறது. நிற்கிற பைக்குள் 3 மி.மீ. ஃபோம் ஷீட் இருக்கிறது.

சோபா, ஆட்டோ சீட் தைக்கிற கடைகளிலேயே ரெக்ஸின் கிடைக்கும். 1 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டாம், வீட்டு மெஷின் திணறும். மெத்தென்று இருக்கிற பி.யு. (பாலியூரித்தேன்) ரகம் பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில், பீரோவில் சும்மா இருந்தாலே சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். தினமும் தூக்குகிற பைக்கு நான் பி.வி.சி.தான் எடுப்பேன்.

[காட்சி: பின்பக்கம் பேனாவால் கோடு போடும் கை.]

அகலம் 36, உயரம் 30 செ.மீ. அளவில் இரண்டு ரெக்ஸின் துண்டுகள். கீழ் மூலை இரண்டிலும் 5 செ.மீ. சதுரம் வெட்டி எடுங்கள். எல்லாத் தையலுக்கும் 1 செ.மீ. விட்டு, பக்கங்களையும் அடியையும், பிறகு வெட்டிய மூலைகளையும் தைத்தால், அடி 24-க்கு 10, உயரம் 23 என்று வரும். தைப்பதற்கு முன், ஃபோமைச் சுற்றிலும் 1 செ.மீ. குறைத்து வெட்டி, ரெக்ஸினின் பின்பக்கம் ஒட்டுங்கள். தையலுக்குள் ஃபோம் மாட்டினால் ஓரம் தடித்துவிடும்.

[காட்சி: குளோசப். பிரித்த தையலின் ஓட்டை வரிசை.]

இதைப் பாருங்கள். கைப்பிடி கோணலாகிவிட்டதென்று பிரித்தேன். துணியாக இருந்தால் தேய்த்துவிட்டால் போச்சு; ரெக்ஸினில் ஊசி இறங்கிய ஓட்டை அப்படியே நிற்கும். கடைசியில் மேலே ஒரு பட்டை வைத்து மறைத்தேன். அதனால் குண்டூசி வேண்டாம், துணி கிளிப் போதும். ஊசி 16 நம்பர், பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. பொடித் தையல் போட்டால் ஓட்டைகள் நெருங்கி, ஸ்டாம்ப் தாள் மாதிரி கிழிந்து வரும். ரிவர்ஸ் தையலும் அதே கதைதான். நூலை உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள்.

மெஷின் ஃபுட் (ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம்) ரெக்ஸினில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால், ஃபுட்டின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஊசி இறங்கும் இடத்தை மட்டும் வெட்டி விடுங்கள். கைப்பிடி சேருகிற தடிமனான இடத்தில் மோட்டாரை நம்பாதீர்கள், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

மேக்னட் பட்டனை லைனிங்கில் முதலிலேயே பொருத்திவிடுங்கள். லைனிங்கின் அடித்தையலில் 15 செ.மீ. திறப்பு விட்டு, வாய்ப்பக்கம் ரெக்ஸினையும் லைனிங்கையும் சேர்த்துத் தைத்தாயிற்றா? சரி, இனி அந்தத் திறப்பு வழியாகப் பையைப் புரட்ட வேண்டும்.

[காட்சி: கசங்கிய பை, ஹேர் டிரையர்.]

இந்த நேரத்தில் பை கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். டிரையரில் லேசாகச் சூடு காட்டி, மூலை மூலையாக வெளியே தள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுவராதீர்கள், உருகிவிடும். அப்புறம் 23-க்கு 9 செ.மீ. பிளாஸ்டிக் அட்டையை அடியில் செருகி, திறப்பைக் கையால் தையுங்கள். உள்ளே நான்கு கனமான புத்தகங்களை அடுக்கி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள்.